எழுத்துருவுக்குப் பெயர் உண்டு

முனைவர் பட்ட ஆய்வேட்டை நூலாக்கலாம் என்று சென்ற ஆண்டு அதன் குறுந்தகட்டை எடுத்தேன். கோப்பு திறந்தது, தமிழைக் காணவில்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடந்தன. 'அம்மா' வரவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் பாமினி எழுத்துருவில் அடித்த ஆய்வேடு அது. என் புதுக் கணினியில் பாமினி இல்லை.

பாமினி என்பது பெண் பெயர். விண்டோஸ் 2000இல் யுனிகோடு தமிழுக்கென்று வந்த எழுத்துரு லதா. விண்டோஸ் 7 விஜயாவைச் சேர்த்தது. வானவில் எழுத்துருக்களில் ஒன்று அவ்வையார். தமிழ்க் கணினிக்குள் இத்தனை பெண்கள் பெயராக இருக்கிறார்கள். அதன் முன்னால் உட்கார்ந்து அடித்த பெண்களின் பெயர்களைத்தான் நாம் எழுதி வைக்கவில்லை.

என் ஆய்வேட்டை அடித்தவர், நாகமலையில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய டி.டி.பி. கடையில் வேலை பார்த்த ஓர் அக்கா. திருமங்கலம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பன்னிரண்டாம் வகுப்பு, தட்டச்சுப் பயிலகம், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் தேர்ச்சி, அரசு வேலைக்கான காத்திருப்பு, கடைசியில் டி.டி.பி. கடை. எங்கள் ஊர்ப்பக்கம் எத்தனையோ பெண்கள் நடந்த வழி அது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைகளை வகுத்துக் கொடுத்தவர். பொறியில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே விழும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, அடுத்து க, பிறகு கால். பாமினி போன்ற எழுத்துருக்களிலும் இதே வரிசைதான். ஆனால் எழுத்துருவுக்கு எழுத்துரு விசைகள் இடம் மாறின. ஒரு கடையில் அடித்தது இன்னொரு கடையில் படிக்க வராது. அக்காவின் விரல்களில் மூன்று வகை விசைப்பலகைகள் இருந்தன.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகை தரமானது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. 2010இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது. யுனிகோடில் 'கொ'வுக்குள் க முன்னால், உயிர்க்குறி பின்னால். இவை வேண்டிய மாற்றங்கள்தாம். யுனிகோடு இல்லையென்றால் இன்று கைப்பேசியில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழகிய விரல்களைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது. பக்கக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு, வேகம் குறைந்த நாள்களின் நட்டம் அவருடையதுதான்.

அடிப்பது கைவேலை என்று நான் நினைத்திருந்தேன். அக்கா அடித்துக்கொண்டே படித்தார். "ஏம்மா, இந்த எடத்துல ஒற்று வருமா வராதா?" என்று கேட்பார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரி. கேட்காமலே திருத்தியவை எத்தனையோ.

நான் எழுதியது நடவுப் பாடல்களில் பெண்ணுழைப்பு பற்றி. சோழவந்தான் வயல்களில் பாடிய பெண்களின் பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் பின்னிணைப்பில் கொடுத்தேன். நன்றியுரையில் நெறியாளர், துறைத்தலைவர், நூலகர், கணவர். கடைசி வரியில், அழகுற அச்சிட்டுத் தந்த கடையின் பெயர். அக்காவின் பெயர் எங்கும் இல்லை. அந்தப் பக்கத்தையும் அடித்தவர் அக்காதான்.

அதே காலத்தில் வேறு வழக்கமும் இருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. அதன் மின்னூல்களின் தொடக்கத்திலேயே உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களுக்கு இடம் உண்டு. என் ஊரின் பெயரைத் தாங்கிய அந்த நூல்களைத்தான் வகுப்பில் காட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை.

விசாரித்து அக்காவைத் தேடிப் போனேன். இப்போது வீட்டிலேயே அடித்துக் கொடுக்கிறார். மாற்றி மென்பொருளில் போட்டு யுனிகோடாக்கி, பிழைகளை வரிவரியாகச் சேர்ந்து களைந்தோம். இந்த முறை உங்கள் பெயரைப் போடப் போகிறேன் என்றேன்.

"அது கெடக்கட்டும் மேடம். மூணாம் இயல்ல ரெண்டு பாட்டு எடம் மாறிக் கெடக்கு. அப்பவே சொல்லணும்னு நெனச்சேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க டாக்டருக்குப் படிக்கிறவங்க. நான் டைப் அடிக்கிறவ."

இருபது ஆண்டுகளாக நூலகத்தில் அந்தப் பிழை அப்படியே இருக்கிறது. ஆய்வேட்டை மதிப்பிட்ட யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

நூலின் உரிமைப் பக்கத்தில் 'தட்டச்சு, மெய்ப்பு' என்று எழுதி அவர் பெயரைக் கொடுத்தேன். அந்த வரியையும் அவரே அடித்தார். தலைப்பெழுத்தை நான் தவறாக எழுதியிருந்தேன், திருத்திக்கொண்டார்.