சுரங்க நிலத்தில் சேஜ்பிரஷ் புதர் மீட்பு

நிலக்கரி எடுத்து முடித்தபின் குழியை நிரப்பிச் சமன்செய்த நிலத்தில், முன்பு அங்கிருந்த புதர்களை மறுபடி வளர்க்கும் பணி புதர் மீட்பு எனப்படுகிறது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஜில்லெட் நகரைச் சூழ்ந்த பவுடர் ரிவர் படுகையில் இது விரிவாக நடந்துவருகிறது. அமெரிக்காவின் மிகப் பெரிய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் இங்கேதான் உள்ளன.

இப்படுகையின் முதன்மைப் புதர் சேஜ்பிரஷ். நம்மூர் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்தது; சாம்பல் பூத்த சிறு இலையைக் கசக்கினால் காரமான மணம் கையில் ஒட்டும். குளிர்காலத்திலும் இலை முழுதாக உதிராது. பனி மூடிய மாதங்களில் சேஜ் கிரவுஸ் என்னும் பறவைக்கு ஏறக்குறைய முழு உணவும் இந்த இலைதான். கூடு கட்டுவதும் இதன் அடியில்தான். பிராங்ஹார்ன் மானும் குளிர்காலத்தில் இதையே பெரிதும் நம்புகிறது. ஆழத்திலுள்ள ஈரத்தை இரவில் வேர்வழி மேலிழுத்து, காய்ந்த மேல்மண்ணில் கசியவிடும் திறனும் இதற்கு உண்டு.

அமெரிக்காவின் திறந்தவெளிச் சுரங்கக் கட்டுப்பாடு, நில மீட்புச் சட்டம் 1977இல் வந்தது. மழை குறைந்த பகுதிகளில், விதைப்பு முடிந்து குறைந்தது 10 ஆண்டுகள் சுரங்க நிறுவனம் அந்நிலத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். அதன்பிறகே, மீட்புக்கு உறுதியாக அது முன்பே கட்டிய பிணைத்தொகை முழுதாகத் திரும்பும். தொடக்கத்தில் பலரும் வேகமாக வளரும் புல்லையே அடர்த்தியாக விதைத்தார்கள். மண் அரிப்பு நின்றது, நிலம் பச்சையானது, மாடுகளுக்கு மேய்ச்சலும் கிடைத்தது. ஆனால் புதரை நம்பிய உயிர்களுக்கு அந்தப் பச்சையால் பயனில்லை. மீட்கப்படும் நிலத்தில் 20 விழுக்காட்டுப் பரப்பிலாவது சதுர மீட்டருக்கு ஒரு புதர் இருக்க வேண்டும் என்ற வயோமிங் விதி 1996இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகே புதர் விதைப்பு தீவிரமடைந்தது.

விதைப்பதுதான் கடினம். சேஜ்பிரஷ் விதை தூசிபோல மிகச் சிறியது; ஒரு கிலோவில் பல லட்சம் விதைகள் இருக்கும். சில மில்லிமீட்டர் ஆழத்தில் புதைந்தாலே முளைப்பு குறைந்துவிடும் என்பதால், புல் விதைக்கும் கருவியைக்கொண்டு மண்ணுக்குள் இறக்காமல் மேற்பரப்பில் தூவுகிறார்கள். இலையுதிர்காலக் கடைசியில் முற்றும் விதையை நீண்ட நாள் இருப்பு வைக்கவும் முடியாது.

இதில் முன்னோடி ஆய்வு ஜெரால்டு ஷூமன், டெரன்ஸ் பூத் ஆகியோருடையது. இப்படுகையிலுள்ள நார்த் ஆன்டிலோப் சுரங்கத்தில் அவர்கள் செய்த சோதனைகளின் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. அம்பாரமாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் கிடந்த மேல்மண்ணைவிட, புதிதாக அகழ்ந்து உடனே பரப்பிய மேல்மண்ணில் நாற்றுகள் மிகுந்தன. குவியலில் கிடக்கும் மண்ணில், வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் நலிந்துபோகின்றன. வைக்கோல் மூடாக்கு உதவியது. புல்லின் போட்டி இல்லாத இடங்களிலும் புதர் நாற்றுகள் மிகுந்தன. முதல் கோடையில் ஈரத்துக்கான போட்டியில் புல்லே வெல்கிறது.

பண்ணைக்காரர்களுக்கு இதில் தயக்கம் உண்டு. சுரங்கம் மூடியபின் நிலம் பெரும்பாலும் மேய்ச்சலுக்குத்தான் போகிறது. மாடுகளோ சேஜ்பிரஷ் இலையை அவ்வளவாக விரும்புவதில்லை. ஆனாலும் புதரை மேய்ச்சலின் எதிரியாகக் காண்பது சரியல்ல. செம்மறிகள் குளிர்காலத்தில் அதைக் கடிக்கின்றன. புதரருகே பனி தேங்கி உருகுவதால் மண்ணில் ஈரம் சேர்கிறது, காற்றும் மட்டுப்படுகிறது. உப்புப்புதர் வகையைக் கலந்து விதைத்தால், காய்ந்த புல்லில் கிடைக்காத புரதம் ஆடுமாடுகளுக்கும் மான்களுக்கும் ஒருசேரக் கிட்டும். நிலம் முழுவதையும் ஒரேமாதிரி விதைக்காமல், புதர்த் திட்டுகளும் புல்வெளியும் மாறிமாறி வரும்படி அமைப்பது பண்ணைக்காரர்கள், காட்டுயிர்கள் ஆகிய இரு தரப்புக்கும் பொருந்துகிறது.

முளைத்த நாற்றுகளை முயலும் மானும் மேய்ந்து தீர்ப்பதுண்டு. அதனால் தொடக்க ஆண்டுகளில் வேலியிட வேண்டிவரும். சேஜ்பிரஷ் விதை தாய்ச்செடியிலிருந்து சில மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் விழுகிறது. அக்கம்பக்கத்துப் புதர்க்காடு தானாகப் பரவி உள்ளே வரும் என்று காத்திருந்தால் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே, மீட்பு நிலத்தின் நடுவிலேயே திட்டுத்திட்டாக விதைத்து, அவை பூத்து விதை சிந்தும் தாய்ப்புதர்களாக வளர விடுகிறார்கள்.