'நரம்பு இழுக்குது' என்கிறோமே... கெண்டைக்காலில் உண்மையில் இழுப்பது எது?

நடுராத்திரி. நல்ல தூக்கம். திடீரென்று கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி இறுகி, உயிர் போகிற வலி. "அம்மா... நரம்பு இழுத்துக்கிச்சு" என்று கத்தியபடி எழுந்து உட்காருகிறோம்.

காலில் நீலமாகப் புடைத்துத் தெரிந்தால் "நரம்பு சுருட்டிக்கிச்சு". கால் மரத்துப்போனால் "நரம்பு பிடிச்சுக்கிச்சு". குதிகாலுக்கு மேலே வலித்தால் "குதிகால் நரம்பு வலிக்குது". முழங்காலுக்குக் கீழே என்ன நடந்தாலும் பழி நரம்பின் மேல்தான்!

ஆனால், இந்த நான்கில் கால் மரத்துப்போவதில் மட்டும்தான் நரம்புக்கு நேரடிப் பங்கு. மற்றவை தசை, ரத்தக்குழாய், தசைநாண். பெயரை மாற்றிச் சொன்னால் என்ன ஆகிவிடப் போகிறது என்கிறீர்களா? சாதாரண பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவிவிடும் வலி, சில நேரம் உயிருக்கே ஆபத்தான ரத்த உறைவாக இருக்கலாம். அதனால், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

இரண்டு எலும்பு, நான்கு அறை

கீழ்க்காலில் இரண்டு எலும்புகள். உள்பக்கம் இருக்கும் பெரியது டிபியா. தொடை எலும்புக்கு அடுத்தபடியாக உடலிலேயே நீளமான எலும்பு இதுதான். உடல் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவதும் இதுவே. வெளிப்பக்கம் இருக்கும் மெல்லியது ஃபிபுலா. கணுக்காலில் கை வைத்துப் பாருங்கள். உள்பக்கம் துருத்தும் மேடு டிபியாவின் முனை, வெளிப்பக்க மேடு ஃபிபுலாவின் முனை.

டிபியாவின் முன்பக்கத்தில் சதை கிடையாது. தோலுக்கு அடியிலேயே எலும்பு. கட்டில் காலில் இடித்துக்கொண்டால் கண்ணில் நீர் வருவது அதனால்தான். பைக் விபத்தில் இந்த எலும்பு முறிந்தால், தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதும் அதனால்தான்.

எலும்புகளைச் சுற்றியுள்ள தசைகள், எளிதில் விரியாத கெட்டியான சவ்வினால் நான்கு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முன்னால் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, பின்னால் மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. எலும்பு முறிந்து உள்ளே வீங்கினால், அறை விரிந்து கொடுக்காது. அழுத்தம் ஏறி, தசைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். மாவுக்கட்டோ வேறு எந்தக் கட்டோ போட்ட பிறகு, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், விரலை லேசாக நீட்டினாலே துடித்தால், "கட்டு போட்டா வலிக்கத்தான் செய்யும்" என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே தசை செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது.

ராத்திரி இழுப்பது தசை

கெண்டைக்கால் என்று நாம் தொட்டுக் காட்டும் புடைப்பு, காஸ்ட்ராக்னீமியஸ் என்ற தசை. அதற்கு அடியில் தட்டையாக சோலியஸ் என்ற இன்னொரு தசை. குதித்து ஓடும்போது மேலே இருப்பது அதிகம் உழைக்கும். நிற்கும்போது நாம் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது சோலியஸ்.

இந்தத் தசை தானாகச் சுருங்கி, விரிய மறுப்பதுதான் ராத்திரி வரும் பிடிப்பு. முழங்காலை நீட்டி, கால் விரல்களை உங்கள் முகத்தை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடித்தால் போதும். பெரும்பாலும் சில நிமிடத்தில் விட்டுவிடும்.

குதிகாலுக்கு மேலே இருப்பது தசைநாண்

இந்த இரண்டு தசைகளும் கீழே சேர்ந்து, ஒரே கயிறாகக் குதிகால் எலும்பில் போய் ஒட்டுகின்றன. இதுதான் அக்கிலிஸ் தசைநாண். உடலிலேயே தடிமனான, வலுவான தசைநாண். ஆனாலும் அறுந்துபோகும். 2010 மார்ச்சில் ஆட்டத்தின் நடுவே இது அறுந்ததால்தான், இங்கிலாந்து கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் அந்த ஆண்டு உலகக் கோப்பையில் ஆட முடியாமல் போனது.

பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அதன் பிறகு அந்தக் காலால் மட்டும் எம்பி நிற்க முடியவில்லை என்றால், அது சுளுக்கு அல்ல.

உண்மையான நரம்பு எங்கே?

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் ஃபிபுலாவின் கழுத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகிறது ஒரு நரம்பு. பாதத்தை மேலே தூக்கச் சொல்லும் கட்டளை இதன் வழியாகத்தான் போகிறது. அந்த இடத்தில் அதற்குப் பாதுகாப்பாக சதை அதிகம் இல்லை. கால் மேல் கால் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தாலோ, குத்தவெச்சு உட்கார்ந்தபடி வேலை பார்த்தாலோ இது நசுங்கும்.

சில நிமிட மரப்பு என்றால் பயப்பட வேண்டாம். ஆனால், பாதம் தொங்கிப்போய், நடக்கும்போது முன்பாதம் தரையில் உரசினால், செருப்பு தானாகக் கழன்று விழுந்தால், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

'நரம்பு சுருட்டல்' உண்மையில் ரத்தக்குழாய்

வெரிகோஸ் வெயின் என்பதைத்தான் நரம்பு சுருட்டல் என்கிறோம். புடைத்துத் தெரிவது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப்போகும் குழாய். பாதத்திலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டுமே, எப்படி ஏறும்? நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிகிறது. மேலே போன ரத்தம் கீழே இறங்காமல், சிரைக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் மூடிக்கொள்கின்றன. கெண்டைக்காலை 'இரண்டாவது இதயம்' என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

அசையாமல் நிற்கும்போது பாதத்துச் சிரைகளில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும். நடக்க ஆரம்பித்ததும் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதானால் ரத்தம் தேங்கி, சிரை புடைத்துச் சுருளும்.

எது ஆபத்து?

இந்த பம்ப் வெகுநேரம் ஓடாமல் நின்றால், ஆழத்தில் உள்ள சிரையில் ரத்தம் உறைந்துவிடலாம். அடிபட்டால் வரும் ரத்தக்கட்டு வேறு, இது வேறு. இந்த உறைவு பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. 2003-ல் ஈராக் போரில் ராணுவ வாகனத்துக்குள்ளேயே நாள்கணக்கில் முடங்கி இருந்து செய்தி தந்த அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி செய்தியாளர் டேவிட் ப்ளூம் இறந்தது இப்படித்தான். வயது 39. குண்டோ தோட்டாவோ காரணம் இல்லை.

4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் இந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், காருக்கும் இது பொருந்தும். அதே நேரம், அப்படிப் பயணம் செய்யும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே இது வருகிறது. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், காலில் கட்டுப் போட்டவர்கள், கர்ப்பிணிகள், புதிதாகப் பிரசவித்தவர்கள், புற்றுநோயாளிகள் ஆகியோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பிடிப்பா, ரத்த உறைவா?

* பிடிப்பு சில நிமிடத்தில் விடும். உறைவு வலி நாள்கணக்கில் நிற்கும்.
* உறைவு பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, சிவப்பு நிறத்தோடு வரும்.
* ஒரு டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், டாக்டர்கள் அதை முக்கியமான அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் குறைவு என்பதால் மட்டும் உறைவு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.
* நடந்தால் வலித்து, நின்றால் அடங்குகிறதா? அது தமனி அடைப்பாக இருக்கலாம். புகைப்பிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

உறைவு என்று சந்தேகம் வந்தால், எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுதான் சரி. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், இருமலில் ரத்தம் இவற்றில் ஏதாவது சேர்ந்து வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

இப்போது உட்கார்ந்தபடிதானே இதைப் படிக்கிறீர்கள்? குதிகாலை ஒரு 20 தடவை தூக்கி இறக்குங்கள். உங்கள் இரண்டாவது இதயம் வேலை செய்யத் தொடங்கிவிடும்.