அந்த 'ஆபரேஷன்' எது? சென்னையில் சிறுநீரகம் விற்ற பெண்கள் குறித்த ஒரு வாசிப்பு

சிறுநீரக விற்பனையால் சென்னையின் வில்லிவாக்கம் 'கிட்னிவாக்கம்' ஆன கதை தெரிந்ததே. விற்ற பெண்களின் சொற்களை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பதே இங்கே கேள்வி.

மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் 1999இல் 'டெடலஸ்' இதழில் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிக்கல். சிறுநீரகம் விற்ற சென்னைப் பெண்களில் ஏறக்குறைய எல்லோருமே முன்பே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள் என்பதை அவர் கவனித்தார். 'உன் கணவர் ஏன் கொடுக்கவில்லை?' என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வந்தன: அவர் சம்பாதிக்கிறவர்; எனக்குத்தான் ஏற்கெனவே ஆபரேஷன் ஆகிவிட்டதே. இந்த இரண்டாம் விடையின் மேல்தான் அவர் தம் கோட்பாட்டை எழுப்புகிறார். அரசின் கத்தி ஒருமுறை பட்ட உடல் அடுத்த கத்திக்கும் தயாராகிவிடுகிறது. அறுவைதான் ஏழைப் பெண்ணுக்கும் அரசுக்குமான உறவு. கவர்ச்சியான வாதம். எனக்கு உடன்பாடில்லை.

முதலில், கருத்தடை என்றாலே பெரும்பாலும் பெண்ணுக்கான அறுவை என்றிருக்கும் தமிழ்நாட்டில், பிள்ளை பெற்று முடித்த எந்த ஏழைப் பெண்களைக் கேட்டாலும் கணிசமானோர் அதைச் செய்துகொண்டவர்களாகவே இருப்பார்கள். விற்காத பக்கத்து வீட்டுக்காரியையும் எண்ணிப் பார்க்காமல் இதைக் காரணமாக்க முடியாது.

இரண்டாவது, அந்தச் சொல். குடல்வால் ஆபரேஷன், கண் ஆபரேஷன் என்று மற்றவற்றுக்கெல்லாம் அடைமொழி வேண்டும். 'சின்னவன் பொறந்ததும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்' என்றால் எந்த ஆபரேஷன் என்று யாரும் கேட்பதில்லை. அடைமொழியின்றி நிற்பது இந்த ஒன்றுதான். அதன் பொருள் கத்தியைப் பற்றியதே அல்ல. 'பிள்ளைப்பேறு முடிந்தது' என்று வாழ்க்கையில் ஒரு கட்டத்தைக் குறிப்பது. அப்படிப் படித்தால் அந்த விடை, 'இந்த உடம்பால் குடும்பத்துக்கு ஆக வேண்டிய பெரிய கடமை தீர்ந்தது. இனி இதைப் பணயம் வைக்கலாம்' என்றாகிறது. முதல் விடையும் இதே கணக்குதான்: யாருடைய உடம்பு இன்னும் தேவைப்படுகிறது? அங்கே பேசுவது அரசு அல்ல, வீடு. கோஹனுக்குக் கிடைத்த பேச்சு நமக்கு ஆங்கிலத்தில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. எனவே இதை நிறுவியதாகச் சொல்லமாட்டேன். ஆனால் இந்தச் சொல்லை வேறு மாதிரிப் புழங்கி நான் கேட்டதில்லை.

சிறுநீரகம் விலைபோகும் என்று தெரிந்த தெருக்களில் கடன்காரர்களின் நெருக்கடி கூடுகிறது என்பதும் கோஹனின் கவனிப்பே. அவருடைய கோட்பாட்டைவிட இது வலுவானது என்பேன்.

மாதவ் கோயல் முதலானோர் 2001 பிப்ரவரியில் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு, 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. 71 விழுக்காட்டினர் பெண்கள். 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றவர்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் உடல்நிலை கெட்டது என்றனர். அறுவை நடந்து சராசரியாக ஆறு ஆண்டுகள். கணக்குப் போட்டால் 1995 வருகிறது. உறுப்புமாற்றுச் சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்ததும் அந்த ஆண்டில்தான். யார் சட்டத்துக்கு முன் விற்றவர், யார் பின் என்பதை ஒரு சராசரியிலிருந்து பிரிக்க வழியில்லை. ஆனால் வேறுபாடு பெரிது. சட்டத்துக்குப் பின், நெருங்கிய உறவல்லாத ஒருவருக்குக் கொடுப்பவர் அன்பினாலோ பற்றினாலோ கொடுக்கிறேன் என்று அனுமதி வழங்கும் குழுவின் முன் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லி வந்தவள் பிறகு விலாவலி என்று அதே மருத்துவமனைக்குப் போய் எந்த வாயால் சொல்வாள்? இது என் ஊகம்தான்.

கோயல் ஆய்வு தரும் வலியின் கணக்கிலும் எனக்கு ஐயம் உண்டு. பாதிப்பேர் தழும்பு உள்ள இடத்தில் நீங்காத வலி என்றனர். மூன்றில் ஒருவர் நாள்பட்ட முதுகுவலி என்றனர். தழும்பு வலியில் குழப்பமில்லை. முதுகுவலி அப்படியல்ல. 'ஆபரேஷனுக்கு அப்புறம் இடுப்பே போச்சு' என்பது சிறுநீரகத்தை விற்காத பெண்களும் அன்றாடம் சொல்வது. அந்த ஆய்வில் ஆண்களும் இருந்ததால் முழுவதையும் கருத்தடையின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் முதுகுவலி என்று சொன்ன பெண்கள் எந்த ஆபரேஷனை மனதில் வைத்துச் சொன்னார்கள் என்பதை அந்த எண் காட்டுவதில்லை.