வரப்பைத் தாண்டிய எண்ணெய்

ஊருக்கு வெளியே, ரயில் பாதையையோ ஆற்றையோ ஒட்டி வரிசையாக நிற்கும் எண்ணெய்த் தொட்டிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றைச் சுற்றி மண்ணாலோ கான்கிரீட்டாலோ எழுப்பிய குட்டையான வரப்பும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். தொட்டி ஒழுகினால் எண்ணெயை வெளியே ஓடவிடாமல் தேக்கிவைப்பதே அதன் வேலை. ஒரு பெரிய தொட்டியின் எண்ணெய் முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் கவலையே இல்லை என்று நினைக்கிறீர்களா? 1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில், மோனங்கஹேலா ஆற்றங்கரையில் ஃப்ளோரெஃப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஆஷ்லாந்து எண்ணெய்க் கம்பெனிக்கு ஒரு சேமிப்புக் கிடங்கு இருந்தது. அதில் ஒரு தொட்டி 48 அடி உயரமும் 120 அடி விட்டமும் கொண்டது. ஒஹாயோ மாநிலத்தில் நாற்பது ஆண்டுகளாக இருந்த பழைய தொட்டியைப் பிரித்துக் கொண்டுவந்து, இங்கே மீண்டும் பொருத்தியிருந்தார்கள். ஜனவரி 2ஆம் நாள் மாலை, கடுங்குளிரில், அதில் முதன்முறையாக முழு அளவுக்கு டீசல் நிரப்பினார்கள். திடீரென்று தொட்டி பிளந்தது. சுமார் 1 கோடியே 45 லட்சம் லிட்டர் டீசல் ஒரே மூச்சில் வெளியே பாய்ந்தது.

வரப்பு என்ன செய்தது? ஒரு குடத்தின் அடியில் ஒரு தாம்பாளத்தை வைத்துப் பாருங்கள். குடம் சொட்டினால் தாம்பாளம் தாங்கும். குடமே உடைந்தால், நீர் தாம்பாளத்தின் விளிம்பைத் தாண்டித் தெறித்துவிடும் அல்லவா? அங்கும் அதுதான் நடந்தது. அலையாக எழுந்த டீசலில் ஒரு பகுதி வரப்பைத் தாண்டி, பக்கத்து மனையின் வாகன நிறுத்துமிடத்தில் ஓடியது. அங்கே மூடியில்லாத ஒரு மழைநீர் வடிகால் இருந்தது. அது நேரே ஆற்றில் போய் விழுவது. அதன் வழியாக ஏறத்தாழ 28 லட்சம் லிட்டர் டீசல் ஆற்றில் கலந்தது.

எண்ணெய் நீரில் மிதக்கும் என்று படித்திருக்கிறோம். ஆனால் ஆற்றின் குறுக்கே இருந்த அணைகளில் நீர் விழுந்து புரண்டபோது, எண்ணெயும் கலங்கி அடிவரை பரவியது. அங்கிருந்து ஒஹாயோ ஆற்றுக்கும் போயிற்று. மூன்று மாநிலங்களில் சுமார் பத்து லட்சம் மக்களின் குடிநீர் ஆதாரம் சில காலம் மாசுபட்டது.

தொட்டி ஏன் பிளந்தது? பற்றவைத்த இடத்தின் அருகே, எஃகுத் தகட்டில் ஒரு சிறு பழுது நெடுநாளாக இருந்துவந்தது. பழைய எஃகில் சில வகைகள் கடுங்குளிரில் இழுபடும் தன்மையை இழந்து, கண்ணாடிபோல் நொறுங்கும். எண்ணெயின் அழுத்தம் ஏற ஏற, அந்தப் பழுதிலிருந்து விரிசல் ஓடிவிட்டது.

இதை முன்னரே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தொட்டியைத் தண்ணீரால் முழுதும் நிரப்பிப் பார்ப்பதே அது. தண்ணீர் டீசலைவிடக் கனமானது. தண்ணீரைத் தாங்கும் தொட்டி பெரும்பாலும் டீசலையும் தாங்கும். உடைந்தாலும் ஓடுவது தண்ணீர்தானே! ஃப்ளோரெஃபில் இந்தச் சோதனையை முழுமையாகச் செய்யவில்லை. அடியில் சில அடி உயரத்துக்கே நீர் நிரப்பிப் பார்த்தார்கள்.

விபத்துக்குப் பின் பென்சில்வேனியா 1989இல் சேமிப்புத் தொட்டிகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. தொட்டிகளைப் பரிசோதிக்கவும், பழுதுபார்க்கவும், இடம் மாற்றிக் கட்டவும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 1991இல் விதிமுறை வெளியிட்டது.

ஆயினும் பாடம் முடியவில்லை. 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு கிடங்கில் ஒரு தொட்டி நிரம்பி வழிந்தது. பெட்ரோல் ஆவி பரவி வெடித்தது. அங்கே கான்கிரீட் வரப்புகள் அலையால் தோற்கவில்லை. அவற்றின் இணைப்புகளில் இருந்த இடைவெளிகள் வழியே எண்ணெயும், தீயணைக்கப் பயன்பட்ட நீரும் நுரையும் கசிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தன.

ஓரிடத்தில் மூடியில்லாத வடிகால். வேறோரிடத்தில் அடைக்காத இடைவெளி. இனி எண்ணெய்த் தொட்டிகளைக் காணும்போது அவற்றின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். சுற்றியுள்ள வரப்பையும், பக்கத்து வடிகாலையும் பாருங்கள். அந்த வடிகால் எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள். நீங்கள் குடிக்கும் நீர் அங்கிருந்தும் வரலாம்.