தோணாவும் வட்டை விதானையும்

கல்முனைக் கரையோர ஊர்களின் வெள்ள வரலாற்றை எழுதப் புகுபவர் முதலில் தோணாவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

மேற்கே வயல், கிழக்கே கடல், இடையே மணல்மேட்டில் குடியிருப்பு. இதுவே எமது ஊர்களின் அமைப்பு. மாரியில் வயல்வெளி நிரம்பினால் மேலதிக நீர் வடிச்சல்கள் வழியே தோணாவை அடையும். தோணாவின் வாயைக் கடல் மணலால் அடைத்திருக்கும். அதை வெட்டிவிட்டால்தான் நீர் கடலுக்குப் போகும். முந்தி வெட்டினால் உப்புநீர் உள்ளே ஏறும். பிந்தினால் வயலும் வளவும் மூழ்கும். எனவே வெட்டும் நாளை ஊர் கூடித்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

வயற்பகுதியில் இத்தகைய பொறுப்பு வட்டை விதானையிடம் இருந்தது. வாய்க்கால் துப்புரவுக்கு நாள் குறிப்பதும், தன் பங்கைச் செய்யாதவரைக் கேள்வி கேட்பதும் அவர் வேலை. இவ்வாறான பழைய நீர்ப்பாசன வழமைகளுக்கு 1856இல் ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்துச் சட்டம் வலுவளித்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைப் பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. ஆயினும் வட்டை விதானை என்ற பெயர் எமது வயல்களில் இன்றும் வழங்குகிறது.

சிக்கல் வேறிடத்தில் தொடங்கியது. சனம் பெருக, வயல் வளவாயிற்று. 2004 சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தபோது கடலோரத்தார் மேற்கே நகர்ந்தனர். தாழ்ந்த வயல்கள் மேலும் நிரப்பப்பட்டன. வயலோடு விதானையின் பொறுப்பும் போயிற்று. வடிச்சல் வேலியோரக் கானாகியது. அது யாருடையது என்று கேட்டால் ஒவ்வொரு காரியாலயமும் மற்றதைக் கைகாட்டுகிறது.

2011 ஜனவரி வெள்ளத்தில் எமது பாடசாலை வகுப்பறைகளில் குடும்பங்கள் தங்கின. நீர் வடிந்தபின் அடைபட்ட மதகொன்றிலிருந்து நானும் மாணவர்களும் இழுத்தெடுத்தவை பொலித்தீன் பைகள், வாழைக்குற்றிகள், ஒரு பழைய மெத்தை. எல்லாம் எமது வீடுகளிலிருந்து போனவையே.

2024 நவம்பர் 26இல் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வீதியை மேவிய வெள்ளம், உழவு இயந்திரத்தில் சென்ற மத்ரசா மாணவர்களை அடித்துச் சென்றது. அந்த ஜனாஸாக்களுக்குப் பிறகு, வெள்ளத்தை இறைவிதி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போக என்னால் முடியவில்லை.

2005ஆம் ஆண்டிலேயே அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்துவிட்டது. இனி வேண்டியது ஊர்மட்ட ஒழுங்கு. பயிர்ச்செய்கைக் கூட்டம் போல ஆண்டுதோறும் செப்டம்பரில் உள்ளூராட்சி சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், பள்ளிவாசல், விவசாயிகள், மீனவர்கள் எல்லோரும் ஒன்றாக அமரட்டும். எந்த வடிச்சலை எந்நாளில் துப்புரவாக்குவது, தோணா வாயை வெட்டச் சொல்வது யார், வீதியில் நீர் எந்த அளவைத் தொட்டால் வாகனங்களை மறிப்பது, மறிப்பவர் யார் என்பன எழுதப்படட்டும். அந்தப் பட்டியல் பள்ளிவாசல் சுவரில் தொங்கட்டும்.

வயலுக்கிருந்த விதானை ஊருக்கும் வேண்டும். எமது பாடசாலைக்கு முன்னாலுள்ள மதகுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.