வீட்டிற் பிறந்த ஓவியன்

நம் மலைநாட்டில் ஒரு பிள்ளையின் ஊரை வினவினால், "இவன் தோட்டத்திலேயே பிறந்தவன்" என்று பெரியவர்கள் விடை கூறுவதுண்டு. அச்சொல்லில் உரிமையும் உண்டு, தளையும் உண்டு. முகலாயர் அரண்மனையிலும் ஏறக்குறைய இதே பொருளில் ஒரு பாரசீகச் சொல் வழங்கிற்று. கானாஸாத் என்பது அது; வீட்டிற் பிறந்தவன் என்பது பொருள். அரச ஊழியருக்கு அரச நிழலிலே பிறந்த மக்களை அவ்வாறு அழைத்தனர். பதினேழாம் நூற்றாண்டின் தலைசிறந்த உருவ ஓவியருள் ஒருவனாகிய அபுல் ஹஸன் அத்தகையவன்.

அவன் தந்தை ஆகா ரிஸா பாரசீக நாட்டினின்றும் வந்தவன். அக்பரின் மைந்தன் சலீம் இளவரசனாயிருந்த காலத்திலேயே அவனிடம் ஊழியம் ஏற்றவன். நுண்ணிய கோடுகளாற் பாரசீக மரபு பிறழாது எழுதுவதில் அவன் வல்லவன். மகனோ வேறு வழி சென்றான். 1600ஆம் ஆண்டில், ஜெர்மானிய ஓவியர் டூரர் 1511இற் செதுக்கிய சிலுவைக் காட்சியிலுள்ள யோவானின் உருவத்தைப் பார்த்து வரைந்தான். ஆடையின் மடிப்பும் நிழலும் துயரும் அதில் அப்படியே உள்ளன. அப்பொழுது அவனுக்கு வயது பதின்மூன்று! அவ்வயதுப் பிள்ளைகள் இலங்கைப் படம் வரையப் படும் பாட்டை நாள்தோறும் காணும் எனக்கு, இது எளிதில் நம்பக்கூடியதாயில்லை. ஆயினும் வயதைக் குறித்த அச்சித்திரம் ஒக்ஸ்போர்ட் அஷ்மோலியன் அரும்பொருட்சாலையில் இருக்கின்றது.

சலீம் 1605இல் ஜஹாங்கீர் என்னும் பெயருடன் அரியணை ஏறினான். அம்முடிசூட்டுக் காட்சியைத் தன் நினைவுக்குறிப்பு நூலின் முகப்புக்காக எழுதி அளித்த அபுல் ஹஸனுக்கு, 1618இல் 'நாதிருஸ்ஸமான்', அதாவது காலத்தின் அற்புதம், என்னும் பட்டத்தை வழங்கினான். வழங்கியவன் ஒன்று கூறினான்: இவனுடைய வேலைக்கும் இவன் தந்தையின் வேலைக்கும் ஒப்பீடே இல்லையாம். மகனுக்கு அது மகுடந்தான். ஆனால் அவன் கையிற் முதன்முதல் தூரிகையைக் கொடுத்தவனுக்கு? சக்கரவர்த்தி சற்றே நாவடக்கியிருக்கலாம் என்பது என் கருத்து.

அரசன் கண்ட கனவையும் ஓவியன் எழுதவேண்டியிருந்தது. பாரசீக மன்னன் ஷா அப்பாஸை ஜஹாங்கீர் தழுவிநிற்கும் படம் அவ்வாறு பிறந்ததே. பூகோளத்தின்மீது இருவரும் நிற்கின்றனர். ஜஹாங்கீரின் காலடியிற் சிங்கம், மற்றவன் காலடியில் ஆடு. அவ்விருவரும் நேரிற் சந்தித்ததே இல்லை. 1622இல் அந்த 'ஆடு' காந்தகார்க் கோட்டையைக் கவர்ந்துகொண்டது!

தம்பி ஆபிதும் ஓவியனே. ஷாஜகானின் வரலாற்று நூலாகிய பாதுஷாநாமாவிற்குப் படம் எழுதியவன், நாதிருஸ்ஸமானின் சகோதரன் என்றே தன்னைக் குறித்துக்கொண்டான்.

இனி, நம் தீவோடு சற்றே தொடர்புடைய ஒன்று. 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். அதே ஆண்டில் அவர்களுடைய அம்ஸ்ரடாம் நகரில், உருவ ஓவியர் றெம்பிராண்ட் கடனில் மூழ்கி உடைமைகளை இழந்தார். 1660இல் மகன் டைட்டஸும் இல்லத்துணைவி ஹென்ட்ரிக்யேயும் ஒரு சித்திர வணிகம் அமைத்து, கடன்காரர் கை படாதவாறு அவரை அதிற் பணியாளராக்கினர். மகனிடம் தந்தை ஊழியர்! அந்த மகனும் 1668இல் இறந்தான். தந்தை மறு ஆண்டில் மறைந்தார்.

அத்துன்பக் காலத்தை ஒட்டியே, ஒல்லாந்தக் கம்பெனியின் கப்பல்கள் கீழ்த்திசையிலிருந்து கொணர்ந்த தாள்களில், முகலாயச் சித்திரங்களைப் பார்த்து றெம்பிராண்ட் வரைந்தார். அவற்றுள் இருபதுக்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. பதின்மூன்று வயதில் ஐரோப்பியனைப் பார்த்து எழுதியவன் அபுல் ஹஸன். ஐம்பது வயதில் அவனுடைய கூட்டத்தாரைப் பார்த்து எழுதியவர் றெம்பிராண்ட். அவர் வரைந்த முகங்களுள் ஜஹாங்கீரின் முகமும் ஒன்று.