யானைக்கால்: பெயரும் நோய்முதலும்

கால் பருத்துத் தோல் தடித்து யானையின் அடிபோலத் தோன்றும் நோயைத் தமிழ் மக்கள் யானைக்கால் என வழங்குவர். இப்பெயர் நோயின் வடிவத்தைக் காட்டுகின்றதேயன்றி அதன் காரணத்தைக் காட்டவில்லை. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயைத் தணிக்கும் வழியை நாடுவதற்கு முன்னர் அதன் முதலை நாடுதல் வேண்டும் என்று முறைப்படுத்தினார். இந்நோயைப் பொறுத்தவரை அம்முதலை நாடிய முயற்சி பல நூற்றாண்டுகள் நீண்டது. அம்முயற்சியின் வரலாற்றையும், அதனிடையே நோயுற்றார்மீது சுமத்தப்பட்ட பழியின் வரலாற்றையும் இக்கட்டுரையில் யாம் ஆராய முற்படுகின்றோம்.

பெயர்

தமிழில் யானை என்னும் அடைமொழி பருமையையும் மிகுதியையும் உணர்த்தும். நெருஞ்சி வகையிற் பெரியதாகக் கருதப்பட்டது யானைநெருஞ்சி எனப்பட்டது. மணிமேகலையில் காயசண்டிகை உற்ற அடங்காப் பசிநோய் யானைத்தீ எனப் பெயர் பெற்றது. ஆண்டுக் குறிக்கப்பட்டது பசியின் பெருக்கம். ஈண்டுக் குறிக்கப்படுவது காலின் பெருக்கம். வடமொழி மருத்துவ நூலார் இந்நோயைச் சிலீபதம் என்றனர். கல்லையொத்த அடி என அச்சொற்குப் பொருள் கூறுவாரும் உளர்.

அரபு மருத்துவரும் இதனை யானைநோய் என்றே வழங்கினர். கிரேக்கரோ யானையின் பெயரால் தொழுநோயைச் சுட்டினர். பதினோராம் நூற்றாண்டு முதல் அரபு மருத்துவ நூல்கள் இலத்தீன் மொழியிற் பெயர்க்கப்பட்ட காலத்து இவ்விரு நோய்களும் ஒரே சொல்லுள் அடங்கி மயங்கின. ஆதலின் கிரேக்கர் யானைநோய், அரபியர் யானைநோய் என ஐரோப்பிய மருத்துவர் நெடுங்காலம் பிரித்துரைக்க வேண்டியதாயிற்று. தமிழிலோ குட்டம் வேறு; யானைக்கால் வேறு. ஆயினும் சொல் காத்த இவ்வேறுபாட்டைச் சமுதாயம் காத்ததில்லை. குட்டமுற்றாரைப் போலவே யானைக்காலுற்றாரும் மணவினையிலும் பொதுவிடங்களிலும் விலக்கப்பட்டனர்.

நீரும் நிலமும்

சுசுருத சங்கிதை என்னும் பழைய மருத்துவ நூல், பழைய நீர் மிகுந்து நிற்பனவும் எல்லாப் பருவத்தும் குளிர்ந்திருப்பனவுமாகிய நாடுகளில் இந்நோய் சிறப்பாகத் தோன்றும் என்கின்றது. நோயின் முதலை உடலுள் மட்டும் தேடாது, மனிதன் வாழும் நிலத்திலும் தேடிய நோக்கு இது. தமிழகத்தில் காவிரியின் கழிமுக நாட்டுக் கும்பகோணம் இந்நோய்க்குப் பெயர்பெற்ற ஊராக இருந்தமையை நோக்கின் இக்கூற்றின் உண்மை விளங்கும்.

போர்த்துக்கேயராகிய தோமே பீரெசு, 1512 முதல் 1515 வரை எழுதிய நூலில், மலையாள நாட்டு மக்களுள் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கினர் வீங்கிய காலினர் என்று கூறுகின்றார். அந்தணர், நாயர், தாழ்நிலையிலிருந்தோர் ஆகிய அனைவரிடத்தும் அதனைக் கண்டதாக எழுதும் அவர், சதுப்பு நீரில் நடப்பதே காரணம் என அந்நாட்டார் சொல்லியதையும் குறித்துள்ளார். சங்கிதையின் கருத்தும் மலையாள நாட்டு மக்களின் கருத்தும் நீர் என்னும் ஒன்றிலே சந்திக்கின்றன.

பழி

1596-இல் வெளிவந்த டச்சுப் பயணி லின்சுக்கோட்டனின் நூல் வேறொரு காரணத்தைத் தருகின்றது. மயிலாப்பூரில் தோமா என்னும் திருத்தூதரைக் கொன்றோரின் வழித்தோன்றல்கள் முழங்காலுக்குக் கீழே யானைக்கால் போன்ற ஒரு காலுடன் பிறக்கின்றனர் என்னும் செவிவழிச் செய்தியை அவர் பதிவு செய்தார். தோமாவின் கால் என்றே ஐரோப்பியர் பலர் இந்நோயைப் பின்னர்க் குறித்தனர்.

இவ்விரு கருத்துகளின் வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது. ஒன்று நிலத்தை நோக்கிற்று. மற்றொன்று பிறப்பை நோக்கிற்று. நிலத்தை நோக்கியது மேலும் ஆராய இடந்தந்தது. பிறப்பை நோக்கியது நோயாளியையே குற்றவாளியாக்கி ஆராய்ச்சிக்கு வாயில் அடைத்தது. முன்வினை என்றும் குலக்குறை என்றும் நம் ஊர்களில் வழங்கும் பேச்சும் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்ததே.

நோய்முதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்மை படிப்படியாக வெளிப்பட்டது. 1863-இல் பாரிசு நகரில் தெமார்க்கே என்பார் நோயாளியின் விதைவீக்க நீரில் நுண்புழுக்களைக் கண்டார். 1866-இல் பிரேசில் நாட்டில் வூக்கரர் சிறுநீரிலும், 1872-இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிசு குருதியிலும் அவற்றைக் கண்டனர். 1876-இல் ஆசுத்திரேலியாவில் யோசேப்பு பாங்கிராப்டு வளர்ந்த புழுவைக் கண்டார். 1877-இல் சீனத்து அமாய் நகரில் பாட்ரிக் மான்சன், அப்புழு கொசுவின் உடலில் வளர்தலை நிறுவினார். நுண்புழுக்கள் இரவிலேயே குருதியில் மிகுதியாக உலவும் என்பதும் அவர் கண்டதே.

ஆயினும் மான்சன் ஓரிடத்து வழுவினார். நீரில் விழுந்து இறந்த கொசுவிலிருந்து வெளிப்படும் புழுவை மனிதர் பருகுகின்றனர் என அவர் கருதினார். 1900-இல் லோ என்பார், பாங்கிராப்டின் மகனார் அனுப்பிய கொசுக்களை ஆய்ந்து, புழு கொசுவின் வாயுறுப்பில் இருத்தலைக் காட்டிய பின்னரே, கடியினால் நோய் பரவுதல் தெளிவாயிற்று. பண்டையோர் நீரைச் சுட்டியது பொருந்தும்; நீர் நோய் தருவது பருகுவதாலன்று, கொசுவை வளர்ப்பதால் என்பதே புதிதாக அறியப்பட்டது.

வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் பல்லாண்டு தங்கி அவற்றை விரிவித்துச் சிதைக்கின்றன. திசுக்களிலிருந்து வடிய வேண்டிய நிணநீர் தேங்குகின்றது. தேக்கமுற்ற காலின் தோல்வெடிப்பு வழியே நுண்ணுயிர்கள் புகுந்து காய்ச்சலும் அழற்சியும் மீண்டும் மீண்டும் உண்டாக்க, தோல் தடித்துக் கால் மேலும் பருக்கின்றது.

வீக்கம் அனைத்தும் புழுவினால் ஆவதன்று. நிணநீர்க் குழாய்கள் பிறவியிலேயே குறைபடுதலும் உண்டு. ஒரு குடும்பத்தில் அது தொடர்ந்து வருதலை 1892-இல் அமெரிக்க மருத்துவர் மில்ராய் விளக்கினார். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றிய பின்னர்க் கை வீங்குதலும், கதிர்வீச்சினால் வரும் வீக்கமும் இவ்வினத்தன. எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் செம்மண்ணில் வெறுங்காலுடன் உழைப்போர்க்குப் புழுவின்றியே இத்தகைய வீக்கம் உண்டாகின்றது. யானைக்கால் என்னும் ஒரே பெயர் இவை அனைத்தையும் போர்த்துவிடுதல் தீங்காகும். புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருத்தியின் கைவீக்கத்தைத் தொற்றென அஞ்சி உறவினர் ஒதுங்குதல் இம்மயக்கத்தின் விளைவே.

நம் நாட்டு நிலை

பழனிமலைத் தொடருக்கு வடக்கே, திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே அமைந்தது ஒட்டன்சத்திரம். கிணற்றுப் பாசனமும் காய்கறிச் சந்தையும் உடைய இப்புன்செய்ச் சமவெளி, காவிரிக் கழிமுகம் போன்று நீர் தேங்கிய நாடன்று. ஆகவே இங்கு ஒருவர் கால் வீங்கக் காணின், புழுவே காரணம் எனத் துணிதல் கூடாது. காரணத்தை மருத்துவர் ஆய்ந்து தெளிதல் வேண்டும். அன்றியும் வறண்ட நிலம் என்று வாளாவிருத்தலும் தகாது. நம் நாட்டில் இந்நோயைப் பெரிதும் பரப்பும் கியூலெக்சுக் கொசு கழிவுநீரில் வளர்வது. பழைய நீர் எனச் சங்கிதை குறித்தது இன்று வீட்டுப் புறக்கடைச் சாக்கடையிலும் மூடப்படாத கழிவுநீர்த் தொட்டியிலும் நிற்கின்றது.

இந்திய அரசு 1955-இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2004 முதல் நோய் நிலவும் மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் அனைவர்க்கும் மாத்திரை வழங்கும் முறை நாடளாவ விரிந்தது. மாத்திரை குருதியிலுள்ள நுண்புழுக்களை அழித்துப் பரவலைத் தடுக்கும். முன்பே பருத்த காலைப் பழைய நிலைக்குக் கொணராது. அக்காலுக்கு வேண்டுவது நாள்தோறும் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவி, விரலிடுக்கு உலரத் துடைத்து, வெடிப்புக்கு மருந்திட்டு, உயர்த்தி வைத்துப் பேணுதல். இதனால் காய்ச்சல் வருதல் குறைந்து வீக்கம் பெருகுதலும் தடைப்படும். இப்பணியை நோயாளி தனித்துச் செய்தல் அரிது. வீட்டார் துணை இன்றியமையாதது. பழி கூறும் வீட்டில் அத்துணை கிட்டாது. ஆதலின் நோயின் உண்மைக் காரணத்தை மக்களுக்குத் தமிழில் தெளிவுற உரைத்தலும் மருத்துவத்தின் ஒரு கூறே என்பது எம் கருத்து.